சந்தேகத்துக்கு ஒரு வரிசை

சாவுச் செய்திக்குச் சிரிக்கிற முகத்தை அனுப்பும் ஒருவரைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

போன வருஷம் என் அப்பாவின் செல்போனிலிருந்து அப்படி ஒன்று போயிற்று. அப்பாவுக்கு 76 வயது. தபால் துறையில் சப்-போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரோடு ஒரே ஆபீஸில் பல வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த நண்பர் காலமாகிவிட்டார். பென்ஷன்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நண்பரின் மகன் செய்தி போட்டிருந்தார். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த மயானம் என்கிற விவரத்தோடு. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் ஒரே ஒரு முகம், கண்ணில் தண்ணீர் வர விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. யார் என்று தொட்டுப் பார்த்தால் அப்பாவின் பெயர்.

காலை ஏழு மணிக்குள் மூன்று பேர் எனக்கு போன் பண்ணிவிட்டார்கள். நான் நேராக அப்பாவின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"என்னப்பா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைடா."

"உங்க போன்லேர்ந்துதானே போயிருக்கு?"

"அது தானா பண்ணுது. ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன். யாரு காதுல வாங்கறீங்க?"

"தானா எப்படிப்பா பண்ணும்?"

இந்தக் கடைசிக் கேள்வியை எந்தத் தொனியில் கேட்டேன் என்று எழுத்தில் காட்ட முடியாது. ஐந்து வயசுப் பையன் 'பூனைதான் பாலைக் கொட்டிச்சு' என்று சொன்னால் நாம் எப்படிக் கேட்போமோ, அப்படி.

இது முதல் சம்பவமும் இல்லை. அதற்கு முன்பே ராத்திரி இரண்டு மணிக்கு பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு அப்பாவின் போனிலிருந்து வீடியோ கால் போயிருக்கிறது. யாருக்கு என்னவோ என்று அவள் பதறிப்போய் எடுத்தால், எதிரே வீட்டுக் கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்திருக்கின்றன. ஒரு தடவை குடும்ப குரூப்பை விட்டு அப்பா 'வெளியேறினார்'. சித்தப்பா கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா சொன்னது ஒரே பதில்தான்: அது தானா பண்ணுது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். முதலில் அப்பாவின் கண்ணைச் சந்தேகப்பட்டோம். அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் ஒரே வரிசையில்தானே இருக்கின்றன, தப்பாகத் தொட்டிருப்பார். அடுத்து விரலைச் சந்தேகப்பட்டோம். கை நடுக்கம் இருக்குமோ? கடைசியில் மனசு. நானும் மனைவியும் அக்காவும் தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தோம், அப்பா இல்லாமல். அதில் 'மறதி நோயின் ஆரம்ப அறிகுறிகள்' என்று தேடி எடுத்ததையெல்லாம் பகிர்ந்துகொண்டோம். தான் செய்ததை மறந்துவிடுவது, செய்யவே இல்லை என்று சாதிப்பது, மற்றவர்கள் மேல் சந்தேகப்படுவது. எல்லாம் பொருந்தியது. பொருத்திப் பார்க்க உட்கார்ந்தால் எதுதான் பொருந்தாது? ஒரு நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கினோம். அப்பாவிடம் 'பொதுவா ஒரு செக்கப்' என்று சொல்வதாகத் திட்டம்.

சிரிக்கிற முகம் போன அன்று போனையும் அவரிடமிருந்து வாங்கிவிட்டேன். "கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்பா" என்றேன். அவர் மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து, வேட்டி நுனியில் துடைத்துக் கொடுத்தார். மனசிலிருந்து போகாத காட்சி அது.

*

அந்த வார சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணா சாலையை ஒட்டி, ஆணி முதல் கம்ப்யூட்டர் வரை பிரித்துப் போட்டு விற்கிற தெரு. அப்பாவின் ஸ்மார்ட்போனைத் தள்ளிவிட்டு, பட்டன் வைத்த பழைய மாடல் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. பெட்டி, சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தேன்.

கடைப் பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கலாம். "நல்லாத்தானே சார் இருக்கு, ஏன் குடுக்கறீங்க?" என்றான். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"எப்பலேர்ந்து சார் இப்படி?"

"ரெண்டு மாசமா இருக்கும்."

"சார்ஜ்ல இருக்கும்போதா, இல்லாதபோதா?"

எனக்குத் தெரியவில்லை.

"பெரியவரு என்ன சொன்னாரு?"

"தானா பண்ணுதுங்கறாரு" என்றேன், ஒரு சிரிப்போடு. அவன் சிரிக்கவில்லை.

நான் கொண்டுபோன சார்ஜரையே செருகினான். செட்டிங்ஸுக்குள் போய் எதையோ தட்டி எழுப்பினான். சாதாரணமாக மறைந்திருக்கும் பகுதி அது, டெவலப்பர்களுக்கானது. திரையில் விரல் படுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஒரு பாட்டு வீடியோவை ஓடவிட்டான். போனைக் கண்ணாடி மேஜையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. போயிற்று. மறுபடி இரண்டு, மூன்று. யாரும் தொடாத திரையில் புள்ளிகள் ஒரே கோட்டில் மேலும் கீழும் ஆடின. வீடியோ நின்றது. வேறு ஏதோ திறந்தது. கீபோர்டு எழும்பி வந்து தானாக எழுத்துகளை அடிக்க ஆரம்பித்தது.

"கோஸ்ட் டச் சார்" என்றான். சார்ஜரை உருவினான். புள்ளிகள் மறைந்தன. தன் கடைச் சார்ஜரைச் செருகினான். பத்து நிமிஷம் பார்த்தோம், ஒரு புள்ளி வரவில்லை. என் சார்ஜரைத் திரும்பச் செருகினான். ஆட்டம் தொடங்கியது.

"போன்ல ஒண்ணும் இல்ல சார். இந்த சார்ஜர் யாரு வாங்கினது?"

நான்தான். கம்பெனி சார்ஜரை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். எப்போது? இரண்டு மாசம் முன்னால்.

*

இதில் பேய் பிசாசு எதுவும் இல்லை. உங்கள் செல்போன் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக, சல்லடை மாதிரி ஓடுகின்றன. அவற்றில் சன்னமான மின்புலம் எப்போதும் இருக்கிறது. நம் உடம்பும் மின்சாரம் கடத்தும் பொருள்தான். விரல் அருகில் வந்தால் அந்த இடத்தில் மின்புலம் துளி மாறுகிறது. ஒரு சிப் அதை விடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் மாறியதோ, அங்கே விரல் பட்டதாக முடிவு செய்கிறது. மட்டமான சார்ஜர், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைச் சுத்தமாக வடிகட்டாமல் இரைச்சலோடு அனுப்பும். அந்த இரைச்சலையும் விரலையும் பிரித்துப் பார்க்க சிப்பால் முடியாமல் போகிறது. அப்பா ராத்திரி பழைய பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். போன் சார்ஜில் இருக்கும், திரை விழித்திருக்கும். லாக் கிடையாது. மறந்துவிடுவார் என்று அதை எடுத்ததும் நாங்கள்தான்.

அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அது தானாகத்தான் பண்ணியது.

அந்தப் பையனிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். திரையில் ஏதாவது விசித்திரம் என்று வருகிறவர்களில் நிறையப் பேர், 'டிஸ்ப்ளே போச்சு, மாத்திடுங்க' என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறார்களாம். அவன் செய்வது வேறு. அவனுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சார்ஜரைக் கழற்றுவான். அடுத்து கவர், கண்ணாடி மேல் ஒட்டிய கார்டு, ஈரம், தூசி. அடுத்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. அடுத்து செட்டிங்ஸ். ராத்திரி பத்து மணி ஆனால் திரை கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது என்று ஒருவர் வந்தாராம். தூங்கும் நேரத்தில் நிறத்தை எடுத்துவிடும் வசதியை அவரே ஏதோ ஞாபகத்தில் தட்டிவிட்டிருக்கிறார். வெயிலில் போன் இருட்டாகிறது என்று வந்த இன்னொருவருக்குக் கழற்றச் சொன்னது போனை அல்ல, கூலிங் கிளாஸை. சிலவகைக் கறுப்புக் கண்ணாடிகள் ஒரு கோணத்தில் வரும் ஒளியை மட்டும்தான் விடும். போனைத் திருப்பிப் பிடித்தால் திரை அணைந்த மாதிரி தெரியும்.

திரையில் கோடு விழுந்தால் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்கிறான். ஸ்க்ரீன்ஷாட் என்பது போன் தனக்குள் தயார் செய்த படத்தின் நகல், கண்ணாடியின் போட்டோ இல்லை. வேறு போனில் கோடு தெரிந்தால் கோளாறு படத்திலேயே இருக்கிறது, மென்பொருளைப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் கோளாறு கண்ணாடிப் பக்கம். வேறு போனில் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். அதே போனில் பார்த்தால் கோடு தெரியத்தான் செய்யும்! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். தனக்குக் காமாலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொருவர் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதற்கப்புறம்தான் நாமாகப் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாதபடி 'சேஃப் மோட்' என்கிற முறையில் போனைத் தொடங்கிப் பார்ப்பது. அதற்கும் அப்புறம்தான், முக்கியமானதையெல்லாம் வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, போனில் இருப்பதை அழித்துப் புதிதாக ஆரம்பிப்பது. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஸ்க்ரூடிரைவர்.

"ஏன் தம்பி, முதல்லயே திறந்து பார்த்தா வேலை சீக்கிரம் முடியாதா?" என்று கேட்டேன்.

"திறந்தா பழையபடி ஆகாது சார். பசை விட்டுடும், தண்ணி போகும். சார்ஜர் அப்படியா? தப்பா கழட்டிட்டா திரும்பச் செருகிக்கலாம்."

*

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இந்த ஒரு வாக்கியம் என்னைப் படுத்தி எடுத்தது. சார்ஜரைத் தப்பாகச் சந்தேகப்பட்டால் திரும்பச் செருகிக்கொள்ளலாம். அப்பாவைத் தப்பாகச் சந்தேகப்பட்டால்?

அந்தப் பையனின் வரிசைக்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. எதைச் சோதித்தால் யாருக்கும் சேதம் இல்லையோ அதை முதலில் சோதிக்கிறான். எதைச் செய்தால் திரும்ப எடுக்க முடியாதோ அதைக் கடைசியில் வைத்திருக்கிறான். கோளாறு பெரும்பாலும் சார்ஜரில்தான் இருக்கும் என்பதால் அல்ல. சார்ஜருக்கு வலிக்காது என்பதால்.

நாம் வீட்டில் செய்வது இதற்கு நேர்த் தலைகீழ். பீரோவில் வைத்த வளையலைக் காணோம் என்றால், பீரோவின் இன்னொரு தட்டைப் பார்க்கும் முன்பே வேலை செய்யும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறோம். கணக்குப் பாடத்தில் பிள்ளைக்கு மார்க் குறைந்தால், கரும்பலகை தெரிகிறதா என்று கேட்பதற்கு முன்பே 'திமிர்' என்கிறோம். போனை எடுக்கவில்லை என்றால் சிக்னலைச் சந்தேகப்படுவதற்கு முன் பாசத்தைச் சந்தேகப்படுகிறோம். முதல் அடியிலேயே ஆளைத் திறந்துவிடுகிறோம். பசை விட்டுவிடுகிறது.

அன்று ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜரைக் காட்டினேன். தனி குரூப்பைப் பற்றியும், டாக்டரைப் பற்றியும் சேர்த்தே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கண் கலங்கவில்லை. சினிமாவில்தான் அதெல்லாம். கொஞ்ச நேரம் சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"சாயங்காலம் ஆபீஸ்ல கணக்கு டேலி ஆகலைன்னு வெச்சுக்கோ. முதல்ல கூட்டலைப் பார்ப்போம். அப்புறம் வவுச்சரை ஒண்ணொண்ணா எடுப்போம். அப்புறம் கேஷை இன்னொரு தரம் எண்ணுவோம். ஆளை யாருன்னு கேட்கறது கடைசியிலதான். பாதி நாள் ஒன்பதை ஆறுன்னு படிச்சிருப்போம், அவ்வளவுதான்."

ரிச்சி ஸ்ட்ரீட் பையனுக்குத் தெரிந்த வரிசை அப்பாவுக்கு அவன் பிறப்பதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. நடுவில் இருக்கும் எனக்குத்தான் தெரியவில்லை.

*

ஆனால் அந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு ஒரு தபால் நிறுவனமே நடந்திருக்கிறது, பிரிட்டனில்.

1999-லிருந்து அந்த நாட்டுத் தபால் நிலையங்களுக்கு 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. கொஞ்ச நாளில் பல ஊர்களில், சின்னச் சின்னத் தபால் நிலையங்களை நடத்தியவர்களுக்குத் திரையில் விசித்திரமான எண்கள் தெரிய ஆரம்பித்தன. பெட்டியில் இருக்கும் பணம் ஒன்று, திரை காட்டும் பணம் வேறு. ஆயிரக்கணக்கான பவுண்டு குறைகிறது என்றது திரை. 'நாங்கள் எடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாகக் காட்டுகிறது' என்றார்கள் அவர்கள். நம்பவில்லை. குறைந்த பணத்தைக் கைக்காசிலிருந்து கட்டச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. 'வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான்' என்று பலரிடம் தனித்தனியாகச் சொல்லப்பட்டது. 1999-க்கும் 2015-க்கும் நடுவில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேல் வழக்குத் தொடுத்தது போலீஸ் அல்ல, தபால் நிறுவனமேதான். சிலர் சிறைக்குப் போனார்கள். 2010-ல் சிறைக்குப் போன ஒரு பெண் அப்போது கர்ப்பிணி.

சட்டமும் கைகொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் காட்டுவதைச் சாட்சியமாக வைத்தால் அது ஒழுங்காக வேலை செய்ததென்று காட்ட வேண்டும் என்கிற விதி, இங்கிலாந்தில் முன்பு இருந்தது. 1999-ல் இயற்றிய ஒரு சட்டம் அதை நீக்கியது. அதன்பின் கம்ப்யூட்டர் சரியாக இருந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் அதைக் கேள்விக்குள்ளாக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டாம்பு விற்பவர் அதை எப்படிச் செய்வார்?

2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கணக்கில் பொய்யான குறைவைக் காட்டக்கூடியவை என்று தீர்ப்புச் சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் ரத்து செய்தது. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணும் அதில் ஒருவர். 2024 மே மாதம், மற்றவர்களின் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தார்கள், திருடன் என்ற பெயரோடு.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரே மாதிரி இத்தனை பேர் சொல்றாங்களேன்னு யாருக்குமே தோணலையா?" என்றார்.

அந்தப் பெரிய ஆபீசில் உட்கார்ந்திருந்தவர்களைக் கொடியவர்கள் என்று திட்டிவிட்டு நான் நகர்ந்துவிட முடியவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் நானும் என் வீட்டில் கேட்டிருந்தேன். தானா எப்படிப்பா பண்ணும்?

*

நீங்கள் ஒன்று கேட்கலாம். 'அப்படியானால் மனுஷன் தப்பே செய்ய மாட்டானா? பணம் எடுப்பவன் இல்லையா? பொய் சொல்லும் பிள்ளை இல்லையா? எல்லாப் பழியையும் சார்ஜர் மேல் போட்டுவிடலாமா?'

நியாயமான கேள்வி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ரகம் ஆட்களையும் நாம் தினம் பார்க்கிறோம். மீட்டிங்குக்கு வராமல் இருந்துவிட்டு 'நெட்வொர்க் இல்லை சார்' என்பவர்கள். ஆனால் கூடத்தை ஒரு தடவை மட்டம் வைத்துப் பார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஐந்து நிமிஷ வேலை. மட்டம் சரியாக இருந்தால் அப்புறம் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். வரிசை என்றுதான் சொல்கிறேன், விதிவிலக்கு என்று சொல்லவில்லை. கடைசி இடத்தில் இருப்பதும் வரிசையில் இருப்பதுதான். கடைக்காரப் பையனும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கத்தான் செய்கிறான்.

யார் மேலும் தப்பே இல்லாத கோளாறும் உண்டு. 2020-ல் ஒரு படத்தைப் பின்னணியாக வைத்த சில ஆண்ட்ராய்டு போன்கள் விடாமல் அணைந்து எரிந்தன. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஓர் ஏரி, மேகம், மலை. அவ்வளவு அழகான படம். வேறு ஒன்றுமில்லை. அந்தப் படம் சேமிக்கப்பட்டிருந்த நிறமுறை வேறு. போன் அதன் பிரகாசத்தைக் கணக்கிட்டபோது, 0 முதல் 255 வரை மட்டுமே இடமிருந்த அட்டவணையில் அதைத் தாண்டி ஓர் எண் வந்துவிட்டது. எங்கே வைப்பதென்று தெரியாமல் போன் விழுந்துவிட்டது. படமெடுத்தவர் குற்றவாளி இல்லை. போனை வாங்கியவரும் இல்லை. இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் பிழை. இந்த வகைக் கோளாறு எத்தனை வீடுகளில், எத்தனை மாமியார் மருமகள்களுக்கு நடுவில் இருக்கிறது! இரண்டு பேரும் நல்லவர்கள். 'யார் தப்பு?' என்று ஆரம்பித்தால் ஆயுசுக்கும் பதில் கிடைக்காது. 'எங்கே தப்பு?' என்று ஆரம்பித்தால் ஒருவேளை கிடைக்கலாம்.

டாக்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போனோம். அப்பாவே "போய்த்தான் பார்ப்போமே" என்றார். வயசுக்கு உரிய மறதிதான், ஆறு மாசம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்றார் டாக்டர். வயசானவர்களின் மறதியைக் காட்ட வேண்டியவர்களிடம் காட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு உண்மையிலேயே மறதி நோய் இருந்திருந்தால்கூட, அந்தச் சார்ஜர் தானாகத்தான் பண்ணியிருக்கும். மறதி உள்ளவர் சொல்வதெல்லாம் மறதி ஆகிவிடாது. ஒருவர் மேல் ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அதற்கப்புறம் அவர் சொல்வதை நாம் கேட்பதில்லை, அறிகுறியாகக் குறித்துக்கொள்கிறோம்.

*

ஒரு வேலை பாக்கி இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த அன்றே அப்பா கேட்டது அதைத்தான். "அவன் வீட்டுக்குச் சொல்லணும்டா."

மறுநாள் இறந்தவரின் மகனுக்கு போன் செய்தேன். சார்ஜர், இரைச்சல், வெள்ளைப் புள்ளிகள் எல்லாவற்றையும் விளக்கினேன். "அப்பா அனுப்பலைங்க. போன் தானா அனுப்பிடுச்சு" என்றேன்.

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிங்க" என்றார்.

அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். தானா எப்படிங்க பண்ணும் என்று கேட்காமல் விட்டார், என்னைவிடப் பண்பானவர். அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிட்டு, அது நம்பப்படுமா என்று காத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பது மட்டும் அந்த அரை நிமிஷத்தில் தெரிந்தது. அப்பா அதில் இரண்டு மாசம் இருந்திருக்கிறார். பிரிட்டனில் சிலர் இருபது வருஷம்.

காரியத்துக்கு அப்பா நேரிலேயே போய்விட்டு வந்தார். "நம்பினாங்களாப்பா?" என்று கேட்டேன். "அது அவங்க இஷ்டம். என் பங்குக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

போன் இப்போது அவரிடம்தான் இருக்கிறது, கம்பெனி சார்ஜரோடு. போன வாரம் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "டேய், இதுல சத்தமே வரலை, வந்து பாரு."

'என்னப்பா பண்ணீங்க?' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம், சட்டென்று போய்விடுமா? விழுங்கிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"எப்பலேர்ந்துப்பா இப்படி?"

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.